நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஒரு மருந்து

ரத்தப் புற்றுநோய் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கும் நோய்கள் பலவாயினும், அவற்றுள் பெரும்பாலானவை எலும்பு மஜ்ஜையிலோ நிணநீர் முடிச்சுகளிலோ உருவாகும் வெள்ளை அணுக்கள் தம் வளர்ச்சிக்குரிய கட்டுப்பாட்டை இழந்து பெருகுவதால் உண்டாகின்றன. மஜ்ஜையையும் ரத்தத்தையும் இயல்பு மாறிய வெள்ளை அணுக்கள் நிறைத்துவிடும் நிலை லுக்கேமியா எனவும், நிணநீர் முடிச்சுகளில் கட்டியாக வளர்வது லிம்போமா எனவும், நோயெதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையில் பெருகி எலும்பை அரிப்பது மைலோமா எனவும் வழங்கப்படுகின்றன. இவற்றுள் குழந்தைகளை மிகுதியாகத் தாக்கும் கடும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செப்பமுற்ற கீமோதெரபி முறைகளால், வசதி மிக்க நாடுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் குணமாகிவிடுகிறது. மருந்துக்கு அடங்காத நோயும், ஒருமுறை அடங்கி மீண்டும் தலைதூக்கிய நோயும் வேறு வகையைச் சேர்ந்தவை; மருந்தின் அளவைக் கூட்டினால் உடல் தாங்காது, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கோ நோய் முதலில் அடங்கியிருக்க வேண்டும், ஏற்ற கொடையாளரும் கிடைக்க வேண்டும் என்ற நிலையில், அண்மைக்காலம் வரை இந்நோயாளிகளுக்கு மருத்துவத்தால் தர முடிந்தது மிகக் குறைவு.

இந்த இடத்தில்தான், நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களையே வெளியே எடுத்து, அவற்றின் மரபணுவில் ஒரு புதிய கட்டளையைச் சேர்த்து, பெருக்கி, மீண்டும் அவர் உடலுக்குள் செலுத்தும் கார் டி-செல் சிகிச்சை கடந்த பதினைந்து ஆண்டுகளில் நுழைந்திருக்கிறது. இதனை மற்ற மருந்துகளின் வரிசையில் இன்னொன்றாகக் கருதுவது பொருந்தாது. ஏனெனில் உடலுக்குள் செலுத்தப்பட்ட பின் தானே பெருகும் மருந்து இது. அதன் வியத்தகு ஆற்றல், அதன் ஆபத்து, அதன் எட்டாத விலை ஆகிய மூன்றும் அது உயிருள்ள பொருள் என்ற ஒரே உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

டி செல்கள் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு. வைரஸ் புகுந்த செல்லையோ இயல்பு மாறிய செல்லையோ கண்டறிந்து கொல்வது அவற்றுள் ஒரு வகையின் பணி. ஆனால் டி செல் தன் இரையை நேரடியாகக் காண்பதில்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை, அதற்கென அமைந்த புரதத் தாங்கிகளில் வைத்துத் தன் மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருக்க, டி செல் தன் ஏற்பியால் அத்துணுக்குகளைத் தொட்டுப் பார்த்து, அந்நியமானது எனக் கண்டால் மட்டுமே தாக்குகிறது. புற்றுச் செல்கள் உடலின் சொந்தச் செல்களிலிருந்தே பிறந்தவையாதலால் அவை காட்டும் துணுக்குகளில் அந்நியமானவை மிகக் குறைவு. பல புற்றுச் செல்கள் அத்தாங்கிகளையே குறைத்துக்கொண்டு தப்பிவிடவும் செய்கின்றன. இதற்கு நேர்மாறாக, வெள்ளை அணுக்களின் இன்னொரு பிரிவான பி செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்கள் எனும் புரதங்களுக்குத் தாங்கி எதுவும் தேவையில்லை. ஒரு செல்லின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட மூலக்கூறை அவை நேரடியாகப் பற்றிக்கொள்ளும். எதிர்ப்பொருளின் பற்றும் திறனையும் டி செல்லின் கொல்லும் திறனையும் ஒரே செல்லில் இணைக்க முடியுமா என்ற கேள்வியே இச்சிகிச்சையின் தொடக்கம்.

இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய செலிக் எஷ்ஹாரும் அவர் குழுவினரும் பின்னர் ஆங்கிலச் சுருக்கத்தில் ‘கார்’ எனப் பெயர்பெற்ற அத்தகைய கலப்பு ஏற்பியை 1989-இல் உருவாக்கிக் காட்டினர். செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதிர்ப்பொருளின் பற்றும் முனை. செல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதி டி செல்லைச் செயலுக்குத் தூண்டும் புரதத்தின் துண்டு. கருத்து அழகானது, எனினும் அந்த முதல் தலைமுறைச் செல்கள் உடலுக்குள் நீடிக்கவில்லை. டி செல் முழுமையாக விழிப்பதற்கு ஒரே சமிக்ஞை போதாது என்பதும், இரையைப் பற்றியதை அறிவிக்கும் முதல் சமிக்ஞையோடு, பெருகவும் பிழைத்திருக்கவும் அனுமதி தரும் துணைச் சமிக்ஞை ஒன்றும் வேண்டும் என்பதும் அப்போதே அறியப்பட்டிருந்தாலும், அதனைச் செயற்கை ஏற்பிக்குள் சரியாகப் பொருத்துவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் மிஷெல் சடலெய்ன் குழுவினர் சிடி28 என்ற துணைச் சமிக்ஞையையும், மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாரியோ கம்பானா குழுவினர் 4-1பிபி என்ற இன்னொன்றையும் சேர்த்துச் சோதித்தனர். இன்று பயன்பாட்டிலுள்ள கார் டி-செல்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டவை.

ஏற்பி எதனைப் பற்ற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கிடைத்த விடையில் மருத்துவ நுட்பத்தோடு ஒரு நல்வாய்ப்பும் கலந்திருக்கிறது. சிடி19 என்ற மூலக்கூறு, பி செல்கள் பிறந்தது முதல் முதிர்வது வரை அவற்றின் மேற்பரப்பில் இருப்பது. பி செல்லிலிருந்து பிறக்கும் லுக்கேமியா, லிம்போமா செல்களில் பெரும்பாலானவற்றிலும் இருப்பது. இதயம், ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளிலும், ரத்த அணுக்கள் அனைத்துக்கும் மூலமான ஸ்டெம் செல்களிலும் இல்லாதது. சிடி19-ஐக் குறிவைக்கும் டி செல்கள் புற்றுச் செல்களோடு நல்ல பி செல்களையும் சேர்த்தே அழித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பி செல்கள் இல்லாமலும் மனிதர் வாழ முடியும். அவை சுரக்க வேண்டிய எதிர்ப்பொருள்களை, கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினாக அவ்வப்போது சிரை வழியே செலுத்திக்கொள்ளலாம். இந்தச் சலுகை மற்ற ரத்தப் புற்றுநோய்களுக்கு எளிதாகக் கிட்டுவதில்லை. கடும் மைலாய்டு லுக்கேமியாவின் செல்களில் உள்ள குறிகள் ரத்த ஸ்டெம் செல்களிலும் அவற்றின் வழித்தோன்றல்களிலும் இருப்பதால், அவற்றைக் குறிவைத்தால் மஜ்ஜையே வறண்டுபோகும். டி செல்லிலிருந்தே பிறக்கும் லுக்கேமியாவைக் குறிவைத்தால், மாற்றப்பட்ட டி செல்கள் ஒன்றையொன்று கொன்றுகொள்ளும். கார் டி-செல் சிகிச்சை எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் தீர்வு என்று சில விளம்பரங்கள் தரும் தோற்றம் பிழையானது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்முறை இது. நோயாளியின் ரத்தத்தை ஒரு கருவியின் வழியே சில மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை உடலுக்கே திருப்பி அனுப்புகின்றனர். அவ்வாறு எடுத்தவற்றிலிருந்து டி செல்களைப் பிரித்து, செயற்கையாகத் தூண்டி விழிக்கச் செய்தபின், புதிய ஏற்பிக்கான மரபணுவை ஒரு வைரஸின் துணையால் அவற்றுக்குள் புகுத்துகின்றனர். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்ஐவியிலிருந்து, நோய் உண்டாக்கும் மரபணுக்களையும் பெருகும் திறனையும் அகற்றி வடிவமைத்த ஊர்தி வைரஸ் ஆகும். மனிதக் குலத்தின் கொடிய தொற்றுக்கிருமி ஒன்று மனித டி செல்லின் மரபுப்பொருளில் தன் மரபணுவைச் சேர்க்கக் கற்றிருந்த வழியையே மருத்துவம் கடன் வாங்கிக்கொண்டது. மாற்றப்பட்ட செல்கள் வளர்ப்பு ஊடகத்தில் பெருகி, தரச் சோதனைகளைக் கடந்து, பெரும்பாலும் உறைநிலையில் மருத்துவமனைக்குத் திரும்புகின்றன. அவற்றைச் செலுத்துவதற்குச் சில நாள் முன்பு நோயாளிக்கு ஃப்ளூடரபின், சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற மருந்துகள் குறைந்த அளவில் தரப்படுகின்றன. உடலில் ஏற்கெனவே உள்ள லிம்போசைட்டுகள் எனும் வெள்ளை அணுக்களைக் குறைத்து, அவை உண்டுவந்த வளர்ச்சிப் புரதங்களைப் புதிதாக வரும் செல்களுக்கு விட்டுவைப்பதே இதன் நோக்கம். அதன்பின் ஒரு சிறு பையிலுள்ள திரவம், ரத்தம் ஏற்றுவதைப் போலவே, பொதுவாக ஒரே முறையாகச் செலுத்தப்படுகிறது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் தலைமையிலான குழு 2010-இல், நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா முற்றிய மூன்று பேருக்கு இச்செல்களைச் செலுத்தியது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் எச்ஐவி தொற்றியோரின் டி செல்களைப் புற வளர்ப்பில் பெருக்கும் முறையை உருவாக்கிய அனுபவம் ஜூனுக்கு இருந்தது. மூவரில் ஒருவருக்குச் செலுத்தப்பட்டவை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி செல்கள் மட்டுமே. அவை அவர் உடலுக்குள் ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பெருகி, கிலோக்கணக்கில் இருந்த புற்றுத் திசுவைக் கரைத்தன. கொஞ்சம் உறைமோர் ஒரு பானைப் பால் முழுவதையும் மாற்றிவிடுவதைப் போல, இங்கே செலுத்தப்பட்ட அளவைவிட அது பெருகும் திறனே பயனைத் தீர்மானிக்கிறது. மூவரில் இருவருக்கு நோய் முழுமையாக மறைந்தது என்ற செய்தி 2011 ஆகஸ்டில் வெளியானது. அவ்விருவரின் ரத்தத்திலும் பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதே செல்களின் வழித்தோன்றல்கள் உயிரோடு காவல் இருந்ததை 2022-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பெருகும் மருந்தைப் பாதியில் நிறுத்துவது கடினம் என்பது விரைவிலேயே தெரியவந்தது. 2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், லுக்கேமியா இருமுறை திரும்பிவிட்ட 6 வயதுச் சிறுமி எமிலி வைட்ஹெட்டுக்கு இச்சிகிச்சை தரப்பட்டபோது, சில நாட்களில் கடுங்காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, அவர் செயற்கைச் சுவாசத்தில் நினைவிழந்து கிடந்தார். கோடிக்கணக்கான டி செல்கள் ஒரே நேரத்தில் விழித்து இரையைக் கொல்லும்போது, அவையும் அவற்றால் தூண்டப்பட்ட மற்ற வெள்ளை அணுக்களும் சைட்டோகைன்கள் எனும் சமிக்ஞைப் புரதங்களைப் பெருமளவில் ரத்தத்தில் கொட்டுகின்றன. அதனால் உடல் முழுவதும் அழற்சி மூள்கிறது. எமிலியின் ரத்தத்தைச் சோதித்தபோது இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் அளவுகடந்து உயர்ந்திருந்தது. அதனைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து மூட்டழற்சிக்காகப் பயன்பாட்டில் இருந்தது. ஜூனின் மகளுக்கே சிறார் மூட்டழற்சி இருந்ததால் அம்மருந்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். அது செலுத்தப்பட்டதும் காய்ச்சல் விரைந்து தணிந்து, சிறுமி மெல்ல மீண்டார். அதன்பின் அவருக்கு லுக்கேமியா திரும்பவில்லை. அன்று அக்குழந்தை இறந்திருந்தால் இந்தத் துறையே பல ஆண்டுகள் முடங்கியிருக்கக்கூடும் என்று அதில் ஈடுபட்டவர்களே பின்னர் கூறியிருக்கின்றனர். இச்சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் டோசிலிசுமாப் கைவசம் இருக்க வேண்டும் என்ற நடைமுறையின் வேர் அந்தச் சில நாட்களில் இருக்கிறது.

சைட்டோகைன் பெருக்கத்தைத் தவிர, குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு எனத் தோன்றும் நரம்புப் பாதிப்பும், வாரக்கணக்கில் நீடிக்கும் ரத்த அணுக் குறைவும், அவற்றால் வரும் தொற்றுகளும் எதிர்பார்க்கப்பட வேண்டியவை. சிகிச்சை பெற்றோரில் மிகச் சிலருக்குப் பின்னாளில் டி செல் புற்றுநோய் தோன்றியதால், 2024 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதுகுறித்த எச்சரிக்கையை இவ்வகை மருந்துகளின் விவரக்குறிப்பில் சேர்க்கச் சொன்னது. வேறு வழியற்ற நோயாளிக்குக் கிடைக்கும் பயனோடு ஒப்பிடுகையில் இந்த அபாயம் சிறியது என்பதே மருத்துவ உலகின் மதிப்பீடு.

அந்தப் பயன் எவ்வளவு? பி செல் லுக்கேமியாவுக்காக 2017 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற கிம்ரியா என்ற கார் டி-செல் மருந்தின் ஆய்வில், செல்கள் செலுத்தப்பட்ட 75 குழந்தைகளிலும் இளைஞர்களிலும் 81 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் அடங்கியது. ஓராண்டு முடிவில், நோய் திரும்பாமலும் உயிரிழப்பு நேராமலும் இருந்தோர் ஏறத்தாழ பாதிப்பேர். இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்வது நோயாளிக்குச் செய்யும் நியாயமாகாது. நோய் திரும்புவதற்குக் காரணங்கள் பல. செலுத்தப்பட்ட செல்கள் சில மாதங்களில் களைத்து மறைந்துவிடலாம். அல்லது புற்றுச் செல்கள் சிடி19-ஐ உதிர்த்துவிட்டு அடையாளமற்றுத் திரும்பலாம். 2018-இல் பதிவான ஓர் அரிய நிகழ்வில், தயாரிப்பின்போது டி செல்களோடு தவறிக் கலந்திருந்த ஒரேயொரு லுக்கேமியா செல்லுக்குள் ஏற்பியின் மரபணு புகுந்துவிட, அந்த ஏற்பி அதே செல்லின் சிடி19-ஐ மூடி மறைத்து, அச்செல்லிலிருந்து நோய் மீண்டும் பெருகியது. ஒரு செல்லின் பிழை ஓர் உயிரைக் கொள்ளும் என்பதால்தான் இம்மருந்தின் தரச் சோதனைகள் அத்தனை கடுமையாக இருக்கின்றன.

மைலோமாவில் குறி வேறு. பிளாஸ்மா செல்களின் மேற்பரப்பிலுள்ள பிசிஎம்ஏ என்ற மூலக்கூறு. சீனாவின் நான்ஜிங்கில் தொடங்கிய நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2022-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற கார்விக்டி என்ற கார் டி-செல் மருந்து, பல மருந்துகளும் பலனற்றுப்போன 97 பேரிடம் சோதிக்கப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் வேறு சிகிச்சை ஏதுமின்றி நோய் முன்னேறாமல் இருந்தனர். குணமாகாத நோய் என்றே பாடநூல்கள் எழுதிவந்த மைலோமாவில் இது சிறிய செய்தி அன்று.

விலைக்கு வருவோம். கிம்ரியாவின் அமெரிக்க அறிமுக விலை 4,75,000 டாலர். மருத்துவமனைச் செலவு இதில் சேராது. வழக்கமான மருந்தை ஆயிரம் பேருக்கு ஒரே கொள்கலனில் காய்ச்ச முடியும். கார் டி-செல்லை அப்படிச் செய்ய இயலாது. ஒவ்வொரு பையும் ஒரே ஒருவருக்காக, அவருடைய செல்லிலிருந்து, தனித் தொகுதியாக, தூய்மைக்கூடத்தில் உருவாக்கப்படுகிறது. அதில் சேரும் ஊர்தி வைரஸ் விலை மிக்கது. செல்களை உறைய வைத்துத் தொலைதூர ஆலைக்கு அனுப்பித் திரும்பப் பெற வாரங்கள் ஆகும். அந்த வாரங்களுக்குள் நோய் முற்றி இறந்துபோகிறவர்களும் உண்டு. ஆகவே எங்கே தயாரிக்கப்படுகிறது என்பது வணிகக் கேள்வி மட்டுமன்று, மருத்துவக் கேள்வியும் ஆகும்.

இந்தியா இக்கேள்விக்குத் தந்த விடை கவனிக்கத்தக்கது. மும்பை ஐஐடியில் ராகுல் புர்வாரின் ஆய்வகமும் டாட்டா நினைவு மையத்தின் மருத்துவர்களும் இணைந்து, மனித எதிர்ப்பொருளை ஒத்ததாகத் திருத்தப்பட்ட பற்றுமுனை கொண்ட ஏற்பியையும் அதற்கான ஊர்தி வைரஸையும் இங்கேயே உருவாக்கினர். அதிலிருந்து பிறந்த இம்யூனோஆக்ட் நிறுவனத்தின் நெக்ஸ்கார்19 என்ற மருந்து 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவால் தொடங்கிவைக்கப்பட்டது. 64 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2025-இல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் வெளிவந்தன. மதிப்பிடத்தக்க நோயாளிகளில் 73 சதவீதத்தினரிடம் நோய் குறைந்தோ மறைந்தோ போனது, கடுமையான சைட்டோகைன் பெருக்கம் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கே ஏற்பட்டது. சிகிச்சையோடு தொடர்புடைய இறப்புகளும் அதில் பதிவாயின என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பெங்களூருவின் இம்யூனீல் நிறுவனம், ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவமனை ஒன்றில் உருவான கார் டி-செல் சிகிச்சைக்கு உரிமம் பெற்று, கார்டெமி என்ற பெயரில் 2025 ஜனவரியில் கொண்டுவந்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி எடுத்த வழி இவற்றிலிருந்து வேறானது. அங்கே மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே, மூடிய தானியங்கிக் கருவியில், நோயாளியின் செல்கள் மாற்றப்பட்டு, உறைய வைக்கப்படாமல் சுமார் ஒன்பது நாளில் அவருக்கே திரும்பச் செலுத்தப்படுகின்றன. வெல்கார்ட் எனப்பட்ட இந்த ஆய்வில் லுக்கேமியா நோயாளிகள் அனைவரும், லிம்போமா நோயாளிகளில் பாதிப்பேரும் சிகிச்சையால் பலன் கண்டனர். பங்கேற்றோரின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் இதனை இறுதி முடிவாகக் கொள்ளக்கூடாது. எனினும் பெரிய ஆலையோ உறைநிலைப் பயணமோ இல்லாமல், எலும்பு மஜ்ஜை மாற்றில் பல்லாண்டுப் பழக்கமுள்ள ஒரு மருத்துவமனை தன் நோயாளிக்கான மருந்தைத் தானே செய்துகொள்ள முடியும் என்பதை அது நிறுவியிருக்கிறது. நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கும் பரவத் தகுந்த மாதிரி இதுவே.

நெக்ஸ்கார்19-இன் விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய் அளவில், அதாவது அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்காக இருப்பது பெருமைக்குரியதுதான். ஆனால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஈடு செய்யும் அரசுக் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனைக்கு வருபவருக்கு அதுவும் எட்டாத தொகையே. மருந்து உள்நாட்டில் உருவாகப் பொதுப்பணமும் பொது நிறுவனங்களும் துணைநின்றிருக்க, அதன் பயன் வசதி படைத்தோரோடு நின்றுவிடுவது நியாயமன்று. குணமாகும் வாய்ப்பு மிகுந்த நோயாளிகளை, முதலில் நோய் திரும்பிய குழந்தைகளை, வரையறுத்து அவர்களுக்கேனும் இச்சிகிச்சையை அரசுக் காப்பீட்டின் தனி நிதியில் சேர்ப்பது உடனடியாகச் செய்யத்தக்கது.

நோயாளியின் குடும்பத்தினர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. இம்மருந்துக்கான மூலப்பொருள் நோயாளியின் டி செல்களே. அடுத்தடுத்த கீமோதெரபிகள் அவற்றின் எண்ணிக்கையையும் வீரியத்தையும் குறைத்துவிடுகின்றன. ஆகவே பி செல் லுக்கேமியாவோ லிம்போமாவோ முதல்முறை திரும்பியது அல்லது மருந்துக்கு அடங்கவில்லை எனத் தெரிந்தவுடனேயே, அடுத்த மருந்துச் சுற்று தொடங்குவதற்கு முன்பாக, கார் டி-செல் சிகிச்சை தமக்குப் பொருந்துமா, செல்களை எப்போது எடுத்து வைப்பது நல்லது என்று ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.